உயிரோடு இருக்கிறவனுக்கு ஒப்பாரி

ஜெபமலருக்குப் பாட்டு வந்தது திங்கட்கிழமை. பயம் வந்தது செவ்வாய்க்கிழமை. இரண்டுக்கும் நடுவில் ஒரு ராத்திரி நிம்மதியாகத் தூங்கியிருக்கிறோம் என்பதைப் பிறகு நினைத்தபோது அவளுக்கே உடம்பு கூசியது.

ஈஸ்டருக்கு முந்தின பாடுகளின் வாரம் அது. வெண்ணந்தூர்ப் பக்கத்தில் அவர்கள் ஊர்க் கோயில் சின்னது. கூட்டவும் கழுவவும் ஆள் வைக்கிற வசதி பங்குக்குக் கிடையாது. தறிக்கு விடுமுறையான திங்கட்கிழமைகளில் ஜெபமலர்தான் போவாள். தரையைக் கழுவி, மெழுகு சுரண்டி, பீடத் துணியை அலசிக் காயப்போட்டுவிட்டு வருவாள். வாரம் பூராவும் தறிச் சத்தத்தில் கிடக்கிற காதுக்கு அந்த அமைதியே கூலி.

இந்த வருடம் கூடுதலாக ஒரு வேலை தலையில் விழுந்தது. பெரிய வெள்ளி மாலை, இறந்த ஆண்டவரின் சுரூபத்தை ஆசந்தியில் கிடத்தித் தெருவைச் சுற்றித் தூக்கி வருவார்கள். பாடை மாதிரி இருக்கும் அந்த ஆசந்தி கிளம்புவதற்கு முன், மாதா தன் மகனைப் பார்த்து அழுகிற புலம்பல் ஒன்று உண்டு. இத்தனை வருடமும் அதை ஸ்பீக்கரில்தான் போட்டார்கள். புதிதாக வந்த பங்குச்சாமியாருக்கு அது பிடிக்கவில்லை.

“பென்டிரைவ் அழுதா யாரும்மா கூட அழுவாங்க? எழவு வீட்ல நீங்க ஒப்பாரி வெச்சா ஊரே அழுவுதாமே. மாதாவுக்கு ஒண்ணு கட்டிக் குடுங்க. நம்ம ஊர்ப் பேச்சுல இருக்கட்டும்.”

ஜெபமலர் தலையை ஆட்டிவிட்டாள். ஆட்டியது தப்பு என்று பிற்பாடுதான் தெரிந்தது. எழவு வீட்டில் பிணம் இருக்கும். அந்த முகத்தைப் பார்த்தால் வார்த்தை தானாக வரும். காலிக் கோயிலில் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு யாரைப் பார்த்து அழுவது? குருத்து ஞாயிறு கழிந்தும் ஒரு வரி தேறவில்லை.

திங்கட்கிழமை தரையைக் கழுவி முடித்து, ஈரக் கையோடு வியாகுல மாதா சுரூபத்தின் முன்னால் முட்டி போட்டாள்.

“தாயே, எனக்கு ஒண்ணும் வர மாட்டேங்குது. நீ உன்ற மவன மடியில போட்டு அழுதியே, என்ன சொல்லி அழுத? அத என்ற வாயில குடு” என்று வேண்டினாள். படித்த ஜெபம் எதுவும் சொல்லவில்லை. அப்படியே கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள்.

வந்தது. மோட்டார் போட்டதும் முதலில் காற்றைத் துப்பிவிட்டுப் பிறகு குபுகுபுவென்று தண்ணீர் வருமே, அப்படி வந்தது. பக்கத்தில் கிடந்த போனை எடுத்து, வாட்ஸப்பைத் திறந்து, மேலே இருந்த படத்தைத் தொட்டு, குரல் பதிவை அழுத்திப் பாட ஆரம்பித்தாள். பாடகர் குழுவை நடத்துகிற ஜெஸ்ஸி டீச்சர்தான் அன்று காலையில், “அக்கா, பாட்டு வந்தா எனக்குப் பாடி அனுப்பிருங்க, நான் எழுதிக்கறேன்” என்று சொல்லியிருந்தாள். பாடி முடித்தபோது ஜெபமலரின் ரவிக்கை நனைந்திருந்தது. எதைப் பாடினோம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மனசு மட்டும் பேறுகாலம் ஆன உடம்பு மாதிரி லேசாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை தறிக்குப் போகிற வழியில் ஜெஸ்ஸி ஸ்கூட்டியை நிறுத்தினாள்.

“என்னக்கா, மாதா இன்னும் மனசு வெக்கலியா?”

“நேத்தே அனுப்பிட்டனே, டீச்சர்.”

“எனக்கு ஒண்ணும் வரலியே. போனக் குடுங்க பாப்பம்.”

ஜெஸ்ஸி பார்த்தாள். முகம் ஒரு மாதிரி ஆனது.

“அக்கா, இது உங்க பையனுக்குப் போயிருக்குது.”

நடந்தது இதுதான். காலையில் ஜெஸ்ஸியின் படம்தான் மேலே இருந்தது. ஜெபமலர் தரை கழுவிக்கொண்டிருந்த நேரத்தில் மகன் சேவியர்ராஜ் ஒரு ‘காலை வணக்கம்’ பூப் படம் அனுப்பியிருக்கிறான். அவன் படம் மேலே ஏறிவிட்டது. கண்ணில் தண்ணீரோடு இருந்தவள் மேலே இருந்ததைத் தொட்டிருக்கிறாள்.

சேவியர்ராஜ் ரிக் வண்டியில் ஹெல்ப்பர். தண்ணீருக்குப் போர் போடுகிற வண்டி அது. திருச்செங்கோட்டு வண்டிகள் போகாத மாநிலம் இல்லை. அவன் வண்டி சத்தீஸ்கரில் ஏதோ காட்டை ஒட்டி நின்றது. டவர் இருந்தால் பேசுவான், இல்லாவிட்டால் நாள் கணக்கில் பேச்சே இருக்காது.

“ஒரு டிக்குதான் இருக்குது. அவனுக்கு இன்னும் போய்ச் சேரல” என்றாள் ஜெஸ்ஸி. “இருங்க, ஒருக்கா கேக்கறேன்” என்று போட்டாள்.

நடுரோட்டில் ஜெபமலர் தன் குரலைக் கேட்டாள்.

*செம்மண்ணு தோண்டப் போயி – என் சாமி*
*செம்மண்ணாத் திரும்பினியே*
*தண்ணி எடுக்கப் போயி – என் சாமி*
*தாகமுன்னு சொன்னியே…*

“நிறுத்து டீச்சர்!” என்று போனைப் பிடுங்கினாள். இது சிலுவையில் செத்தவனுக்குப் பாடியது மாதிரியா இருக்கிறது? செம்மண் தோண்டப் போனது யார்? உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு ஒப்பாரி வைத்து, அதை அவன் காதுக்கே அனுப்பி வைத்திருக்கிறாள். எந்தத் தாயாவது செய்வாளா?

“அழிச்சரலாங்க்கா, பயப்படாதீங்க, அதுக்கு வழி…” என்று ஜெஸ்ஸி சொல்லி முடிப்பதற்குள் ஜெபமலரின் விரல் அந்தப் பதிவை அழுத்தி, என்னமோ கேட்டதற்கு என்னமோ அழுத்திவிட்டது. பாட்டு மறைந்தது.

“போச்சு! போயிருச்சு!” என்றாள், கும்பிட்டபடி.

ஜெஸ்ஸி போனை வாங்கிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். “அக்கா, நீங்க உங்க போன்லருந்து மட்டும் அழிச்சுட்டீங்க. அவனுக்குப் போறது போகத்தான் போகுது. இனி டிக்கு விழுந்துச்சா இல்லையான்னுகூட நமக்குத் தெரியாது.”

அன்றைக்கு அவள் ஓட்டிய தறியில் இழை அறுந்து அறுந்து விழுந்தது. மகனுக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தாள். இந்தியில் ஒரு பொம்பளை என்னமோ சொன்னாள். அவள் என்ன சொல்கிறாள் என்று தெரியாததே பெரிய வதையாக இருந்தது.

சாயங்காலம் புருஷன் சின்னப்பராஜிடம் சொன்னாள். அவனும் ஒரு காலத்தில் ரிக் வண்டியில் போனவன்தான். போர்க் குழிக்குள் இறக்குகிற இரும்பு ராடை மாட்டுகிற இடத்தில் வலது கையில் மூன்று விரலை விட்டுவிட்டு வந்து, இப்போது கோழிப்பண்ணையில் தீவனம் அள்ளுகிறான். சோற்றைப் பிசைந்தபடி கேட்டவன் பிசைவதை நிறுத்தினான்.

“ஏன்டி, உனக்குக் கூறு இருக்குதா? வண்டி கெளம்பறப்ப எழவு ஊட்டுக்குப் போயிட்டு வந்தவன்கூட எதுர்ல நிக்க மாட்டான். நீ ஒப்பாரியே வெச்சு அனுப்பியிருக்கற.”

“தெரியாமப் போயிருச்சுங்க.”

“சாமி குத்தம், சகுனம் அதெல்லாம் கெடக்கட்டும். அவன் அதக் கேட்டான்னா என்ன ஆவும்? பயப்படுவான். பயந்தவன் கை நடுங்கும். ராடு மாத்தறப்ப கை நடுங்குனா…” வாயால் சொல்லாமல் கையைத் தூக்கிக் காட்டினான். விரல் இருந்த இடத்தில் சோறு ஒட்டிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு ஜெபமலருக்குச் சோறு இறங்கவில்லை.

புதன்கிழமை பக்கத்துத் தறி காளியாத்தாளிடம் அழுதாள். காளியாத்தாள் தாலி ஏறிய நாளிலிருந்து அந்தத் தறிக்கூடத்தில் இருக்கிறவள். எழவு வீட்டில் ஜெபமலர் பாடினால் பின்பாட்டு அவள்தான். தறியை நிறுத்திவிட்டு முழுசாகக் கேட்டாள்.

“எவளாச்சும் புருசனுக்குப் போட வேண்டிய மெசேஜ பக்கத்தூட்டுக்காரனுக்குப் போட்டு மாட்டுவா. நீ மாட்டுனது பார்” என்று முதலில் சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் அவள் முகமும் இருண்டது. “ஆனா வெளையாட்டில்ல புள்ள. வெச்ச ஒப்பாரி சும்மா போகாது. அதுக்கு ஒரு பொணம் வேணும்.”

“அக்கா!”

“கத்தாத. பொணம் கெடைக்காம அலைஞ்சாத்தான ஆவத்து? உங்க சாமிதான் வருசா வருசம் வெள்ளிக்கெழம சாவறாரு, ஞாயித்துக்கெழம எந்திரிச்சு உக்காந்துக்கறாரு. அவருக்கென்ன, தாங்குவாரு. அவுரு மேல எறக்கி வெச்சுப்போடு. எது பாடுனயோ அதையே, ஒரு சொல்லு மாத்தாம, மிச்சம் வெக்காமப் பாடு. ஒரு வரி மிச்சம் நின்னாலும் அது உன்ற பையன் மேலதான் நிக்கும், ஆமா.”

ஜெபமலருக்கு மூச்சு வந்தது. வந்த மூச்சு அடுத்த நிமிடமே நின்றது. பாட்டு எங்கே இருக்கிறது? ரோட்டில் கேட்ட அந்த நாலு வரி போக மிச்சம் எதுவும் ஞாபகத்தில் இல்லை. தறிக்கூடத்துக் கழிப்பறைக்குள் போய்க் கண்ணை மூடி நின்றாள். மாதாவே மறுபடியும் குடு என்று கெஞ்சினாள். பயந்த நெஞ்சுக்குள் மாதாவின் குரல் எதுவும் கேட்கவில்லை. மகனின் முகம்தான் வந்தது, அதுவும் கண் மூடிய முகமாக. அலறிக்கொண்டு வெளியே வந்தாள்.

அந்தப் பாட்டு இனி உலகத்தில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. மகன் போனில். அவன் அதைக் கேட்கவும் கூடாது, அதைத் திருப்பி அனுப்பவும் வேண்டும்.

வியாழக்கிழமை மத்தியானம் அவன் கூப்பிட்டான். பின்னால் ரிக்கின் கம்ப்ரசர் சத்தம் கேட்டது. உயிரோடு இருக்கிறான் என்று அதைக் கேட்டே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

“என்னம்மா, எனக்கே ஒப்பாரி வெச்சு அனுப்பியிருக்கற?” சிரித்தான். சிரிப்பு பாதியில் அறுந்தது.

“கேட்டுட்டியா சாமி?”

“முந்தாநேத்தே கேட்டேன். டீசல் எடுக்க டவுனுக்குப் போனப்ப வந்து உழுந்துச்சு. ரெண்டு தடவ கேட்டேன். அப்பறம் இன்னிக்குத்தான் டவரு கெடச்சுது.”

“அது கோயிலுக்குப் பாடுனது கண்ணு. மாறி உனக்கு வந்துபோட்டுது.”

“கோயிலுக்குன்னா சைலன்சர் சுட்ட தழும்பு எதுக்கும்மா வருது? சேசுவுக்கா சைலன்சர் சுட்டுச்சு?”

சின்ன வயதில் அப்பனின் வண்டி சைலன்சரில் கையைச் சுட்டுக்கொண்டவன் அவன். அப்படி ஒரு வரியைப் பாடியதே அவளுக்கு இப்போதுதான் தெரிகிறது.

“சொல்லும்மா. ஆரப் பாத்துப் பாடுன? எனக்கா, சேசுவுக்கா?”

சேசுவுக்கு என்று சொல்லிவிட வாய் வரைக்கும் வந்தது. பெரிய வியாழன், மாதாவிடம் கேட்டு வாங்கிய வார்த்தை. அதில் பொய்யைச் சேர்க்கப் பயமாக இருந்தது.

“மாதா மவனத்தான் நெனச்சு வேண்டுனேன் சாமி. கண்ண மூடுனா உன்ற மொகந்தான் வந்துச்சு. அதப் பாத்துத்தான் பாடியிருக்கறேன்.”

“நேத்து ராடு மாத்தறப்ப கை நடுங்கிப்போச்சும்மா” என்றான். குரல் இறங்கியிருந்தது. “டிரில்லர் வளவன் அண்ணன் பாத்துட்டாரு. மெசின உட்டு எறங்குடா, நீயும் செத்து எங்களையும் சாகடிச்சுருவேன்னு தொரத்திட்டாரு. இப்ப சமையல் பண்ணிட்டுக் கெடக்கறேன். நடுக்கம் நின்னாத்தான் ஏத்துவாராம். எனக்கு நிக்க மாட்டேங்குது.”

காளியாத்தாள் சொன்னதை அவள் அப்படியே சொன்னாள். சொல்லும்போது படிக்காத பொம்பளைகளின் பேச்சு என்று அவன் சிரிப்பான் என்றுதான் நினைத்தாள். அவன் சிரிக்கவில்லை.

“எறங்கிருமாம்மா?” என்று சின்னப் பையன் மாதிரி கேட்டான்.

“எறக்கிப்போடறேன். நீ அத எனக்குத் திருப்பி அனுப்பு.”

“அனுப்பறேன். நீ பாடறத டீச்சர உட்டு வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லு. முழுசா இருக்குதான்னு நான் கேட்டுப் பாப்பேன். ஒரு வரி உட்டயின்னாலும் எனக்குத் தெரியும்.”

பாட்டு வந்தது. ஜெபமலர் ஜெஸ்ஸியின் வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகக் கேட்டுக் கேட்டு மனசில் ஏற்றினாள். பாடுகிறவள் தான்தான் என்று அவளால் நம்ப முடியவில்லை. இவ்வளவு தெரிந்து பாடுகிறவளுக்கு இன்னும் என்னென்ன தெரியுமோ என்று அந்தக் குரலைக் கண்டே பயந்தாள்.

சாயங்காலப் பூசைக்கு முன்னால் சாமியாரும் கேட்டார். கேட்டு முடித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“ஆவியானவர் குடுத்த பாட்டும்மா இது. தண்ணி எடுக்கப் போனவன் தாகம்னு சொன்னது… எனக்குத் தோணியிருக்காது.” கொஞ்சம் தயங்கினார். “அந்தக் கடைசி நாலு வரிய மட்டும் விட்டுடலாம். சைலன்சர்னு வருதே, சேசு காலத்துல ஏதும்மா சைலன்சர்? பின்னால நிக்கற பசங்க சிரிச்சுடுவாங்க. ஆண்டவர் பாடு கேலியாயிடக் கூடாது பாருங்க.”

“ஃபாதருங்க, அது இல்லாட்டி…”

“நான் சொல்றேன்ல. அதுக்கு முந்தின வரியோட நிறுத்திக்குங்க. அது போதும்.”

என்னவென்று சொல்வது? காளியாத்தாள் கணக்கைப் பங்குச்சாமியாரிடம் சொன்னால் என்ன பதில் வரும் என்று தெரியும். “சரிங்க ஃபாதர்” என்று சொல்லிவிட்டாள். கோயில் பேச்சைத் தட்டி அவளுக்குப் பழக்கமே இல்லை.

பெரிய வெள்ளி. மணி அடிக்கக் கூடாத நாள். மரக்கட்டையைத் தட்டித்தான் ஊரைக் கூப்பிட்டார்கள். சனம் வரிசையில் வந்து சிலுவையை முத்தமிட்டு முடிந்து, சுரூபத்தை இறக்கி ஆசந்தியில் கிடத்தி, கோயில் முற்றத்தில் முக்காலிகளின் மேல் வைத்தார்கள். தூக்குகிறவர்களில் சின்னப்பராஜும் ஒருவன், தோளில் சும்மாடு போட்டு நின்றான். வேலிக்கு வெளியே இந்துச் சனமும் நின்றது. எல்லா வீட்டிலும் யாராவது ஒருத்தன் ரிக்கில் இருப்பான், அல்லது இருந்திருப்பான். காளியாத்தாள் முன்னுக்கு வந்து வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

மைக்கை ஜெபமலர் கையில் கொடுத்துவிட்டு ஜெஸ்ஸி போனைத் தூக்கிப் பிடித்தாள். சாமியார் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றார். ஒரு திருகு திருகினால் மைக் செத்துப்போகும்.

ஜெபமலர் சுரூபத்தின் முகத்தைப் பார்த்தாள். கண் மூடியிருந்தது. இதைப் பார்த்துத்தான் பாட வேண்டும், வேறு முகம் வந்துவிடக் கூடாது என்று கண்ணை இமைக்காமல் வைத்துக்கொண்டாள்.

*செம்மண்ணு தோண்டப் போயி – என் சாமி*
*செம்மண்ணாத் திரும்பினியே…*

முற்றம் அடங்கியது. தாகத்தைப் பாடினாள்.

*ஆயிரம் அடிக்குக் கீழே – நீ*
*அடுத்தவனுக்குத் தண்ணி கண்டே*
*ஆணி அடிச்ச உடம்புக்கு – ஒரு*
*செம்புத் தண்ணி தருவாரில்லே…*

வேலிக்கு அந்தப் பக்கம் ஒருத்தி ஓவென்று ஆரம்பித்தாள். சாமியார் சொன்ன இடம் வந்துவிட்டது. அவர் அவளைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார், போதும் என்கிற மாதிரி. பாடகர் குழு அடுத்த பாட்டுக்குப் புத்தகத்தைத் திருப்புகிற சத்தம் கேட்டது. சாமியார் பயம் ஒரு பக்கம், பிள்ளைப் பயம் ஒரு பக்கம். சாமியார் மைக்கை நிறுத்தினால் பாதி வரியோடு நின்றுபோகும். நின்றுபோன பாதி எங்கே போய் உட்காரும்? மைக்கை இறக்கி மண்ணில் வைத்தாள். வெறும் வாயால், எழவு வீட்டில் பாடுகிற குரலில் எடுத்தாள்.

*சைலன்சர் சுட்ட தழும்பை – நான்*
*எச்சி தொட்டு ஆத்தினேனே…*

பின்னால் எவனோ ஒரு பையன் களுக்கென்று சிரித்தான். சாமியார் சொன்னது பலித்துவிட்டது என்று நினைத்தாள். ஆனால் சிரித்தவன் முதுகில் பளாரென்று ஒரு அடி விழுந்தது. “மூடுறா. உங்கொப்பன் நெஞ்சுல ராடு உழுந்தப்ப நீ வகுத்துல இருந்த” என்றாள் அவனுடைய தாய். அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை.

*இரும்பு விழுந்த நெஞ்சை – நான்*
*எதைத் தொட்டு ஆத்துவேனோ…*

முடிந்தது. ஒரு சொல் மிச்சமில்லை. காளியாத்தாள் வேலிக்கு அப்பாலிருந்தே பின்பாட்டைப் பிடித்துக்கொண்டாள். பெண்கள் மாரடித்து அழுதார்கள். யார் பிள்ளைக்கு யார் அழுதது என்று பிரித்துச் சொல்ல முடியாது. சாமியார் திருகின் மேல் கையை வைத்தபடி நின்றார். கோபமா வேறு ஏதாவதா என்று அவர் முகத்தில் தெரியவில்லை. நாளைக்குக் கேட்பார். கேட்கட்டும்.

ஜெபமலர் காத்திருந்தாள். இறங்கியதா? எப்படித் தெரியும்? பயம் அப்படியேதான் இருந்தது, வாய்க்குள் செம்மண்ணை அடைத்த மாதிரி.

கட்டையைத் தட்டினார்கள். தூக்குகிறவர்கள் குனிந்து தோள் கொடுத்தார்கள். ஆசந்தி எழும்பியது, ஒரு பக்கமாகச் சாய்ந்தது, மறுபடி நேரானது.

“என்னப்பா இது, இந்த வருசம் இந்தக் கனம் கனக்குது” என்றான் சின்னப்பராஜ், பல்லைக் கடித்துக்கொண்டு.

“பூமாலை சாஸ்தி மாமா” என்றான் முன்னால் பிடித்தவன்.

“பூவா இப்படி அமுக்கும்? போன வருசமும் நாந்தான தூக்குனேன்.”

ஜெபமலர் ஓடிப்போய் ஆசந்திக்குப் பின்னால் சேர்ந்துகொண்டாள். புருஷனின் முட்டி நடுங்குவதைப் பார்த்தாள். தோள் மாற்ற ஆள் வந்தபோது அவன் வேண்டாம் என்று தலையசைத்தான். கனக்கட்டும், இன்னும் கனக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே தெருமுனை வரைக்கும் அவன் முதுகைப் பார்த்தபடி நடந்தாள்.